வாயில்காப்போன் இல்லாத பல்கலைக்கழகம்: ஜென்னி லீ அம்மையாரின் வாழ்வும் பணியும்

பல்கலைக்கழகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு வளாகம். நுழைவாயில், விரிவுரை மண்டபம், நூலகம், விடுதி, பட்டமளிப்பு நாளில் அணியும் அங்கி ஆகியவை அடுத்தடுத்து நினைவுக்கு வரும். இவற்றுள் பெரும்பாலானவை இல்லாமலே, வீட்டு மேசையிலுள்ள கணினித் திரையின் வழியாகப் பட்டம் பெறலாம் என்பது இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று இணையம்வழி இளங்கலையோ முதுகலையோ பயில்வோர் நம் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். ஆயினும் அவர்களைப் பார்த்து உறவினர் கேட்கும் கேள்வி ஒன்று மட்டும் மாறவில்லை. அது உண்மையான பட்டந்தானா என்பதே அக்கேள்வி.

அக்கேள்வி எழுந்தே தீரும் என்பதை 1965-ஆம் ஆண்டிலேயே உணர்ந்து, அதற்குரிய விடையை ஒரு பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில் வைத்துக் கட்டியவர் ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். பிரிட்டனின் திறந்த நிலைப் பல்கலைக்கழகம் இல்லையென்றால் நம் வட்டாரத்தில் இன்றுள்ள தொலைநிலைக் கல்வி நிலையங்கள் இந்த வடிவில் தோன்றியிருக்கமாட்டா. அதனை நிறுவியவர்களுள் முதன்மையானவரான ஜென்னி லீ அம்மையாரைப் பற்றி நம் மாணவர்களிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

ஜென்னி லீ 1904-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் மாவட்டத்தில் லோக்கெலி என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் லீ சுரங்கத் தொழிலாளி. தாத்தா மைக்கல் லீ அம்மாவட்டச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர். பக்கத்து ஊரான கௌடன்பீத்தில் குடும்பத்தார் சிறிது காலம் ஒரு தங்கும் விடுதியையும் அதனோடு சேர்ந்த நாடக அரங்கையும் நடத்தினர். குடும்பமே சுயேச்சைத் தொழிற்கட்சியைச் சார்ந்தது. தொழிற்சங்கத் தலைவர்களும் மேடைப் பேச்சாளர்களும் வந்து போகும் வீட்டில், பெரியவர்களின் வாதங்களைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள் அச்சிறுமி. நம் தோட்டப்புறங்களில் சங்கக் கூட்டம் நடந்த இரவுகளில் மூலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

பீத் உயர்நிலைப்பள்ளியில் முதல் மாணவியாகத் தேறினார். மேற்படிப்புக்கு வீட்டில் வசதியில்லை. கார்னெகி அறக்கட்டளையும் ஃபைஃப் கல்வித் துறையும் அளித்த உதவியால் 1922-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய ஆண்ட்ரூ கார்னெகியும் ஃபைஃப் மாவட்டத்தில் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்து, அமெரிக்கா சென்று பெருஞ்செல்வம் திரட்டியவர்தாம்.

எடின்பரோ சாதாரணப் பல்கலைக்கழகமன்று. 1583-இல் பாடம் தொடங்கிய பழம்பெரும் கல்விக்கூடம் அது. நகர மன்றமே முயன்று அரசரின் சாசனம் பெற்று நிறுவியது. ஆயினும் அதன் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1869-ஆம் ஆண்டில் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்பவரும் அவருடன் சில பெண்களும் அங்கு மருத்துவம் பயிலச் சேர்ந்தனர். எழுவர் என்று வரலாறு அவர்களைக் குறிப்பிடுகிறது. மறு ஆண்டு அவர்கள் தேர்வெழுதச் சென்றபோது ஒரு கும்பல் வழிமறித்து ஆர்ப்பாட்டம் செய்தது. 1873-இல் நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. படித்தார்கள், பட்டம் கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு முறையாகத் திறந்துவிடப்பட்டது 1892-இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து ஜென்னி உள்ளே நுழைந்தார். தெற்கே கேம்பிரிட்ஜில் பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் படித்த காலம் அமைதியான காலமன்று. 1926 மே மாதத்தில் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. பொது வேலைநிறுத்தம் சில நாள்களில் முடிந்தபோதிலும் சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் மாதக்கணக்கில் வேலையின்றி வெளியே நின்றனர். ஃபைஃபின் சுரங்க ஊர்களில் பட்டினி புகுந்தது. அதே ஆண்டில் ஜென்னி எம்.ஏ. பட்டம் பெற்றார், அடுத்துச் சட்டப் பட்டத்தையும் ஆசிரியர் சான்றிதழையும் பெற்றார். தம் ஊர்ப் பிள்ளைகளுள் தமக்கு நிகரான அறிவுடையோர் பலர் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டனர் என்பதை அவர் அறிந்திருந்தார். உதவித்தொகை என்னும் ஒற்றையடிப் பாதை வழியாக ஒருவர் மேலேறினால் நூறு பேர் கீழே நிற்கிறார்கள் என்ற உணர்வு, பிற்காலத்தில் அவர் செய்த பணியின் வேராக இருந்தது எனலாம்.

சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகள் பயிலும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை அரசியல் அழைத்தது. 1929 மார்ச்சில் வட லானார்க் தொகுதி இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்ற உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 24. வேடிக்கை என்னவெனில், முப்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் சட்டம் முந்திய ஆண்டே நிறைவேறியிருந்தும் அத்தேர்தலின்போது அது நடைமுறைக்கு வரவில்லை. வாக்களிக்கும் உரிமை இல்லாத ஒரு பெண் வாக்குகளைப் பெற்று மன்றத்துக்குள் சென்றார். கன்னிப் பேச்சிலேயே அப்போதைய நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சிலின் வரவு செலவுத் திட்டத்தைக் கடுமையாகத் தாக்கினார். பேச்சு முடிந்த பின் சர்ச்சிலே அவரைப் பாராட்டினார்.

1931-இல் தொகுதியை இழந்தார். 1934-இல் அனைரின் பெவனை மணந்தார். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியான பெவன்தான் பின்னர் சுகாதார அமைச்சராகி, 1948-இல் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையைத் தோற்றுவித்தவர். இடைப்பட்ட ஆண்டுகளில் ஜென்னி எழுதினார், அமெரிக்காவில் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார், போர்க்காலத்தில் பத்திரிகையாளராகவும் பணியாற்றினார். 1945-இல் கேனக் என்னும் சுரங்கத் தொகுதியிலிருந்து மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். ஆயினும் அடுத்த பதினைந்து ஆண்டுகள் அவர் பெரும்பாலும் கணவரின் நிழலிலேயே இருந்தார். திறமையில் குறைவில்லாத ஒரு பெண்மணி தம் அரசியலைப் பின்னுக்குத் தள்ளிக் கணவரின் அரசியலை முன்னிறுத்திய காலம் அது. அவர் அதை விரும்பியே செய்தார் என்பது உண்மை. அதனால் நாடு எதையோ இழந்தது என்பதும் உண்மையாக இருக்கலாம். 1960 ஜூலையில் பெவன் மறைந்தார். அப்போது ஜென்னிக்கு வயது 55. அரசியலில் அவர் கதை முடிந்துவிட்டது என்று கருதியவர்கள் பலர்.

1964-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. பிரதமர் ஹெரால்ட் வில்சன் ஜென்னி லீயைக் கலைகளுக்கான முதல் அமைச்சராக நியமித்தார். மறு ஆண்டு வேறொரு பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார். அதுதான் வானொலிவழிப் பல்கலைக்கழகம். வானலைப் பல்கலைக்கழகம் என்றும் அதனைத் தமிழில் சொல்லலாம்.

இக்கருத்து ஜென்னியின் சொந்தக் கருத்தன்று. சமூகவியலாளர் மைக்கல் யங் 1962-இல் இத்தகைய பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென எழுதினார். வில்சன் சோவியத் நாட்டில் அஞ்சல்வழிக் கல்வியையும் அமெரிக்காவின் சிக்காகோவில் தொலைக்காட்சிவழிப் பாடங்களையும் பற்றி அறிந்து வந்து, 1963 செப்டம்பரில் கிளாஸ்கோ நகரில் ஆற்றிய உரையில் இதனை அறிவித்தார். அப்போது அவர் மனத்தில் இருந்தது ஏற்கனவே இயங்கும் கல்வி நிலையங்கள் ஒன்றுகூடி, தொலைக்காட்சியும் அஞ்சலும் கொண்டு நடத்தும் ஓர் ஏற்பாடுதான். கட்சித் தேர்தல் அறிக்கையில்கூட அது அப்போது இடம்பெறவில்லை. யார் கைக்குப் போனாலும் ஒரு குழு, ஓர் அறிக்கை, ஒரு சோதனைத் திட்டம் என்று கரைந்து போயிருக்கக்கூடிய கருத்து அது.

அது ஜென்னி லீயின் கைக்குப் போனது. 1965 ஜூனில் ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார். வழக்கமாக அமைச்சர் இத்தகைய குழுவுக்குத் தலைமை ஏற்பதில்லை. இவர் தாமே தலைமையேற்றார். கல்வியாளர்கள் பலர் நல்லெண்ணத்தோடு அவருக்குச் சில யோசனைகள் கூறினர். முதியோர் கல்வி வகுப்புகளை விரிவாக்கலாம். பட்டம் வேண்டாம், சான்றிதழ் போதும். முதலில் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கலாம். பழைய பல்கலைக்கழகம் ஒன்றின் கிளையாக வைத்துக்கொள்ளலாம். இவை யாவும் நியாயமாகத் தோன்றும் யோசனைகளே. ஜென்னி ஒன்றையும் ஏற்கவில்லை.

அவருடைய நிலைப்பாடு சுருக்கமானது. நுழைவதற்கு எந்தத் தகுதியும் கேட்கக்கூடாது. வெளியேறுவதற்கு மற்றப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் அதே தகுதியைக் கேட்க வேண்டும். தனிச் சாசனம், சொந்தப் பேராசிரியர்கள், சொந்தப் பட்டம் ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். ஏழைகளுக்கென்று தனியாகச் செய்யப்படும் எதுவும் இரண்டாந்தரமாகவே முடியும் என்பது அவர் கண்டறிந்த பாடம். அதனால்தான் இதனைத் தொழிலாளர் பல்கலைக்கழகம் என்று அழைப்பதையும் அவர் ஏற்கவில்லை. விரும்பும் எவருக்கும் உரிய பல்கலைக்கழகம் என்பதே அவர் கொள்கை. கணவர் பெவன் மருத்துவத்தில் செய்ததையே மனைவி கல்வியில் செய்தார் என்று கூறலாம். தேசிய சுகாதாரச் சேவையும் ஏழைகளுக்கான தர்ம ஆஸ்பத்திரியாக அமைக்கப்படவில்லை. செல்வரும் வறியவரும் ஒரே வரிசையில் நிற்கும்படி அமைக்கப்பட்டது.

இந்த இடத்தில் உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களை நினைத்துப் பார்ப்பது பொருந்தும். இத்தாலியின் போலோனா பல்கலைக்கழகம் தன் தோற்றத்தை 1088-ஆம் ஆண்டாகக் கணக்கிடுகிறது. அதற்குத் தொடக்கத்தில் சொந்தக் கட்டடம் எதுவும் இல்லை. வெளியூர்களிலிருந்து வந்த மாணவர்கள் சங்கமாகக் கூடி, ஆசிரியர்களைக் கூலிக்கு அமர்த்தி, வாடகை அறைகளில் பாடம் கேட்டனர். தாமதமாக வந்த ஆசிரியருக்கு அபராதமும் விதித்தனர். (இதை நம் விரிவுரையாளர்கள் படிக்காமலிருப்பது நலம்.) பாரிஸ் நகரில் ஆசிரியர்கள் சங்கமாகக் கூடினர். ஆக்ஸ்ஃபோர்டில் நகரத்தாரோடு பூசல் ஏற்பட்டபோது ஒரு பகுதியினர் 1209-இல் வெளியேறிக் கேம்பிரிட்ஜில் பாடத்தைத் தொடர்ந்தனர். கட்டடமே உயிராக இருந்திருந்தால் இப்படி ஊர்விட்டு ஊர் போயிருக்க முடியாது. கற்பவரும் கற்பிப்பவரும் கூடிய கூட்டம், அக்கூட்டத்தை ஏற்று அரசரோ போப்பாண்டவரோ வழங்கிய சாசனம், நேர்மையான தேர்வு, எங்குச் சென்றாலும் மதிக்கப்படும் பட்டம் ஆகியவைதாம் பல்கலைக்கழகத்தின் ஆதி உறுப்புகள். மதிலும் மணிக்கூண்டும் பிறகு வந்தவை.

ஜென்னி லீ இந்த வரலாற்றை எடுத்துக்காட்டி வாதாடினார் என்று நான் கூற வரவில்லை. ஆனால் அவர் விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டவற்றையும் விட்டுக்கொடுத்தவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சாசனத்தையும் தேர்வையும் பட்டத்தையும் அவர் விடவில்லை. வளாகத்தையும் நுழைவுத் தகுதியையும் விட்டார். புதுமை என்று அன்று பலர் கேலி செய்த பல்கலைக்கழகம், ஒருவகையில் மிகப் பழைய பல்கலைக்கழகங்களுக்கு நெருங்கிய உறவாக அமைந்தது.

முன்மாதிரி முற்றிலும் இல்லாமலும் இல்லை. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் எங்குப் படித்தவரும் தன் தேர்வை எழுதலாம் என்று அனுமதித்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் அந்த வெளிநிலைப் பட்டத்துக்காக இரவு விளக்கில் படித்த ஆசிரியர்களும் எழுத்தர்களும் பலர். ஆனால் இலண்டன் தேர்வைத்தான் வைத்தது, கற்பிக்கவில்லை. பாடத்தை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். தேறாமல் பாதியில் நின்றவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கற்பிக்கும் பொறுப்பையும் ஏற்ற தொலைநிலைப் பல்கலைக்கழகம் வேண்டும் என்பதுதான் ஜென்னி சேர்த்த நிபந்தனை.

1966 பிப்ரவரியில் வெள்ளை அறிக்கை வெளிவந்தது. எதிர்ப்பு நாலா பக்கமும் கிளம்பியது. நிதியமைச்சு பணம் இல்லை என்றது. ஜென்னியின் மேலமைச்சரான கல்வியமைச்சர் ஆண்டனி கிராஸ்லாந்துக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. முதியோர் கல்வி இயக்கத்தார் தங்கள் நிதி பறிபோகுமோ என அஞ்சினர். பழைய பல்கலைக்கழகங்களில் பலர் சிரித்தனர். இதற்கிடையே நாட்டின் பொருளாதாரமும் சரிந்தது. 1967 நவம்பரில் பவுன் நாணயத்தின் மதிப்பே குறைக்கப்பட்டது. அத்தகைய நேரத்தில் இல்லாத ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பணம் கேட்பது எளிதா?

ஜென்னி கையாண்ட வழி, நிர்வாகப் பாடநூல்கள் பரிந்துரைக்கும் வழியன்று. துறையின் படிக்கட்டுகளைத் தாண்டி நேராகப் பிரதமரிடம் சென்றார். பெவனின் பழைய தோழரான வில்சன் அவருக்குச் செவிசாய்த்தார். அதிகாரிகள் தாமதப்படுத்தினால் கடிந்துகொண்டார். கணக்கு கேட்டவர்களுக்குக் கொள்கையை விடையாகச் சொன்னார். அவரோடு வேலை செய்தவர்கள் சிலருக்கு இது எரிச்சலூட்டியது. செலவுக் கணக்கைப் பார்த்துத் தருமாறு குட்மன் பிரபு என்ற வழக்கறிஞரிடம் கேட்கப்பட்டது. அவர் தந்த தொகை உண்மைச் செலவைவிட மிகக் குறைவு. பின்னாளில் அவரே இதனை மேலவையில் ஒப்புக்கொண்டார். சரியான தொகை அன்றே தெரிந்திருந்தால் பல்கலைக்கழகம் பிறந்திருக்காது என்பது என் எண்ணம். தனி அலைவரிசை வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் நேரம் பெறப்பட்டது.

1967 செப்டம்பரில் சர் பீட்டர் வெனபிள்ஸ் தலைமையில் திட்டக் குழு அமைந்தது. வானலை என்ற பெயர் மறைந்து திறந்த நிலைப் பல்கலைக்கழகம் என்ற பெயர் நிலைத்தது. பெயர் மாற்றம் சிறிய செய்தியன்று. தொலைக்காட்சி ஒரு கருவி. கதவு திறந்திருப்பதே கொள்கை. கருவியின் பெயரைத் தாங்கியிருந்தால் அப்பல்கலைக்கழகத்தின் பெயர் இந்நேரம் பழங்கதையாகியிருக்கும். அதன் பாட ஒளிபரப்பு 2006-ஆம் ஆண்டு இறுதியில் நின்றுபோனது. அதற்குள் பாடங்கள் இணையத்துக்கு நகர்ந்துவிட்டன.

முதல் துணைவேந்தராக 1968-இல் வால்டர் பெரி தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியர். ஜென்னி படித்த அதே பழைய பல்கலைக்கழகத்திலிருந்து புதிய பல்கலைக்கழகத்துக்கு முதல் தலைவர் வந்தார். வழக்கமான பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக்கு இருக்கும் மதிப்பு கற்பித்தலுக்கு இல்லை என்பது அவருடைய மனக்குறை. இங்கே அதைச் சரிசெய்யலாம் என்ற ஆவலே அவரை ஈர்த்தது.

1969-ஆம் ஆண்டு ஏப்ரலில் அரச சாசனம் கிடைத்தது. எழுவர் எடின்பரோவில் நுழைந்து சரியாக நூறாண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டு ஜூலை 23-ஆம் நாள் சாசன விழா நடைபெற்றது. மனிதன் நிலவில் காலடி வைத்த அதே வாரம் அது. அதனால் செய்தித்தாள்களில் விழாவுக்குப் பெரிய இடம் கிடைத்திருக்காது!

சாசனம் கிடைத்தும் ஆபத்து நீங்கவில்லை. 1970 ஜூனில் தேர்தல் வந்தது. தொழிற்கட்சி தோற்றது, ஜென்னி லீயும் 25 ஆண்டுகள் காத்த கேனக் தொகுதியை இழந்தார். மாணவர் விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. ஒரு பாடம்கூடத் தொடங்கவில்லை. புதிய நிதியமைச்சர் இயன் மெக்லாட் இத்திட்டத்தை முன்பே ஏளனம் செய்தவர். பல்கலைக்கழகம் வெட்டுப்படும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். மெக்லாட் பதவியேற்ற ஒரு மாதத்தில் திடீரென மரணமடைந்தார். புதிய கல்வியமைச்சர் மார்கரெட் தாட்சர் இதனைத் தொடர அனுமதித்தார். சோஷலிசத்தில் ஊறிய ஜென்னியின் கனவைக் காப்பாற்றியவர், சோஷலிசத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்த தாட்சர். ஒரு பட்டதாரிக்கு ஆகும் செலவு இங்கே குறைவு என்பது அவர் கணக்கு. ஒருவர் நீதிக்காக எழுப்பியதை மற்றவர் சிக்கனத்துக்காக வைத்துக்கொண்டார்.

1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களுடன் பாடங்கள் தொடங்கின. கலை, சமூக அறிவியல், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு அடிப்படைப் பாடங்கள் முதலில் வந்தன. எப்படிக் கற்பித்தார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். இன்று இணையத்தில் பயில்வோருக்கு இது பழகிய முறையாகவே தோன்றும். ஒரு பாடத்தை ஒரு பேராசிரியர் தனியாக எழுதவில்லை. விரிவுரையாளர்கள், பதிப்பாசிரியர்கள், பி.பி.சி. தயாரிப்பாளர்கள் ஒரு குழுவாக அமர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் கிழித்து, திருத்தி, மீண்டும் எழுதினர். அச்சிட்ட பாடங்கள் அஞ்சலில் வீடு வந்து சேர்ந்தன. அறிவியல் மாணவர்களுக்குச் சிறிய நுண்ணோக்காடியும் சோதனைப் பொருள்களும் அடங்கிய பெட்டி வந்தது. சமையலறை மேசையே ஆய்வுக்கூடம் ஆனது. மாணவர் எழுதி அனுப்பிய இடுபணியைப் பயிற்றாசிரியர் ஒருவர் திருத்தி, எங்கே தவறினார் என்று விளக்கி அனுப்பினார். அத்திருத்தக் குறிப்புகளே பலருக்கு விரிவுரை. விடியற்காலையிலும் பின்னிரவிலும் தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பானது. கோடைக்காலத்தில் ஒரு வாரம், விடுமுறைக்காக மூடியிருக்கும் வழக்கமான பல்கலைக்கழகங்களின் விடுதிகளில் தங்கிப் படிக்க வேண்டும். வாழ்நாளில் அவ்வாயிலுக்குள் நுழையாதவர்கள் அந்த ஒரு வாரம் அங்கே மாணவர்களாக நடமாடினர். தேர்வுத்தாள்களை மற்றப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த தேர்வாளர்களும் பார்வையிட்டுத் தரத்துக்குச் சான்றளித்தனர்.

குறையில்லாமல் இல்லை. முதல் அணியில் பெரும்பங்கினர் ஏற்கனவே பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர்கள். ஆலைத் தொழிலாளர்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. இதைச் சுட்டிக்காட்டி, நடுத்தர வர்க்கத்துக்கே இது பயன்பட்டது என்று குறை கூறியோர் உண்டு. அக்குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி என்னவெனில், அவ்வாசிரியர்களுள் பலருடைய பெற்றோர் தொழிலாளர்கள். குடும்பத்தில் பல்கலைக்கழகத்தைக் கண்ட முதல் தலைமுறை அவர்கள். இல்லத்தரசிகளும் நூற்றுக்கணக்கில் சேர்ந்தனர். பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு பாடநூலைத் திறந்த அப்பெண்களுக்கு வேறு எந்தப் பல்கலைக்கழகமும் இடம் வைத்திருக்கவில்லை.

1973 ஜூனில் இலண்டன் அலெக்சாண்டிரா மாளிகையில் முதல் பட்டமளிப்பு விழா நடந்தது. முன்படிப்புக்குச் சலுகை பெற்று விரைவாக முடித்தவர்கள் அவர்கள். தலைநரைத்தவர்கள் மேடையேற, கீழே அமர்ந்து கைதட்டியவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். அப்போது பதவியில் இல்லாத ஜென்னி லீ, மேலவை உறுப்பினராக லீ சீமாட்டி என்ற பட்டம் பெற்றிருந்தார். இங்கிலாந்தின் மில்ட்டன் கீன்ஸ் நகரில் அமைந்த பல்கலைக்கழகத் தலைமையகத்தில் முதல் நூலகத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் அவரே.

அந்தப் பல்கலைக்கழகத்தின் வழி நம் கரை வரைக்கும் வந்தது. 1969-இல் தோன்றிய நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இலேயே வளாகத்துக்கு வெளியே பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. வேலை செய்துகொண்டே படித்தவர்கள் ஆண்டுக்கொரு முறை பினாங்கு வளாகத்துக்கு வந்து சில வாரங்கள் தங்கிப் பயின்றனர். 2000-இல் மலேசியத் திறந்த நிலைப் பல்கலைக்கழகமும் பின்னர் பினாங்கில் வாவாசான் திறந்த நிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. சிங்கப்பூரில் தொடர்பு இன்னும் நேரடியானது. 1992-இல் அந்நாட்டு அரசு, சிங்கப்பூர் நிர்வாகக் கழகத்தைத் தேர்ந்தெடுத்து, பிரிட்டன் திறந்த நிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புகளை நடத்தச் செய்தது. அவ்விதை 2005-இல் தனிப் பல்கலைக்கழகமாக முளைத்து, 2017-இல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் ஆனது. தமிழ்மொழியிலும் இலக்கியத்திலும் பட்டப்படிப்பை வழங்குவது அதே நிலையந்தான். பணியில் இருந்துகொண்டே அங்குத் தமிழ் பயின்று பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இன்று நம்மிடையே இருக்கின்றனர். லோக்கெலி சுரங்க ஊரில் தொடங்கிய கதை தமிழ் வகுப்பறை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இணையத்தில் புதிதாகப் பல்கலைக்கழகம் தொடங்குவோர் இன்று முதலில் பேசுவது மென்பொருளைப் பற்றித்தான். எத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பாடம் பார்க்கலாம், காணொலி எவ்வளவு தெளிவாக இருக்கும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. இடுபணியை யார் திருத்துவார், திருத்தியவர் மாணவருக்கு என்ன எழுதுவார், தேர்வை வெளியார் யார் பார்வையிடுவார் என்பன சிறிய எழுத்திலும் இருப்பதில்லை. ஜென்னி லீயின் குழு தன் சண்டைகளையெல்லாம் நடத்தியது இந்தச் சிறிய எழுத்துக்காகத்தான்.

தம் ஆட்சியின் சாதனைகளுள் இப்பல்கலைக்கழகத்தையே வில்சன் பெருமையாகக் கருதினார். மைக்கல் யங்குக்கும் அதில் உரிய பங்கு உண்டு. கருத்தைத் தந்தவர் ஒருவர், அறிவித்தவர் ஒருவர், அதை இரண்டாந்தரமாக ஆகவிடாமல் காத்தவர் ஒருவர். மூவருள் முதலில் யாரை வைப்பது என்று கேட்டால், நான் மூன்றாமவரையே வைப்பேன்.

ஜென்னி லீ அம்மையார் 1988 நவம்பர் 16-ஆம் நாள் இலண்டனில் காலமானார். வயது 84. குழந்தைகள் இல்லை. அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் இப்போது திறந்த நிலைப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வளாகத்தில் அவர் பெயர் தாங்கிய கட்டடம் ஒன்றும் இருக்கிறது. இளங்கலை மாணவர்களுக்கான விடுதி அவ்வளாகத்தில் கிடையாது. இதுவரை அங்குப் பயின்றோர் 2 மில்லியனுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் அக்கட்டடத்தைப் பார்த்ததே இல்லை.